ஆடு எப்படி மேலே வந்தது

12-11-1984, திங்கள்

எழுது தாயி. டெல்லியில் இந்திரா அம்மாவைச் சுட்ட வருஷம். எம்.ஜி.ஆரை நோயோடு அமெரிக்காவுக்கு விமானத்தில் கொண்டுபோன வருஷம். நம் ஊர்க் கண்மாய் ஐப்பசியிலேயே நிறைந்த வருஷம். தேதியை நீயே போட்டுக்கொள்.

சனிக்கிழமை எஸ்தர் டீச்சர் பஸ் ஏறி நாசரேத்துக்குப் போய்விட்டார். ஏழு மாதக் கர்ப்பம். வீங்கிய காலோடு இனி நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போகும்போது சாவியை என் கையில் கொடுத்தார். "ஸ்கூல் மேனேஜருக்கு எழுதிப் போட்டிருக்கேன் அய்யா. மாற்று டீச்சர் வர்ற வரைக்கும் கதவை மட்டும் பூட்டிராதீங்க. பூட்டினா பிள்ளைங்க தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ல ஏறிரும்" என்றார்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே தாயி. மணி அடிக்கவும் பானையில தண்ணி ரொப்பவும்தான தெரியும். நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க?"

"சொல்லிக்குடுக்க வேண்டாம். காலையில என்ன செய்யப் போறீங்கன்னு ஒவ்வொருத்தர்ட்டயும் கேளுங்க. சாயங்காலம் என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க. அது போதும். அதை அஞ்சாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு எழுதட்டும். நான் வந்து படிக்கிறேன்."

அதனால் ராமுத்தாய் எழுதுகிறாள். பிள்ளைகள் இருபத்து மூன்று. கதவு ஒன்பது மணிக்குத் திறந்தது. எனக்குப் பயம் ஒன்றுமில்லை என்று எழுது.

(நான் வாய்ப்பேச்சைப் பேசியபடியே எழுதி, மற்றதைப் புத்தகத் தமிழில் எழுதுகிறேன். அப்படித்தான் டீச்சர் சொன்னார். வெயில்முத்துத் தாத்தா பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். இப்படிக்கு ராமுத்தாய்.)

14-11-1984, புதன்

குழந்தைகள் தினம். மிட்டாய் இல்லை.

காலையில் கேட்டேன். இருபத்து மூன்று பேரும் ஒரே வாயாக "படிக்கப் போறோம்" என்றார்கள். "எதை" என்றேன். எதையாவது சொல்லாமல் சிலேட்டை எடுக்கக் கூடாது என்றேன். அது நானாக வைத்த சட்டம். அப்படி வைக்கலாமா என்று டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

பிச்சம்மாள், ஒண்ணாம் வகுப்பு, தன் பெயரில் முதல் எழுத்து மட்டும் என்றாள். ராமுத்தாய் வகுத்தல் கணக்கு. மூன்றாம் வகுப்புச் சங்கிலி ஆட்டுப் பாடம் வாசிக்கப் போவதாகச் சொன்னான். சாயங்காலம் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, கிணற்றுக்குள் விழுந்த ஆட்டின் கதையை மூச்சு விடாமல் வாசித்தான். ஆடு இரண்டு நாள் உள்ளே கத்தியது, செத்துப்போனது என்று முடித்தான். நன்றாக இருந்தது.

16-11-1984, வெள்ளி

சங்கிலி மறுபடியும் ஆட்டுப் பாடம் வாசித்தான். அதே பக்கம், அதே படம். இன்றைக்கு ஆடு கிணற்றிலிருந்து மேலே வந்து சந்தைக்குப் போனது.

"ஏலே, நில்லு" என்றேன். "புதன்கிழமை ரெண்டு நாள் கத்திச் செத்துப்போச்சுன்ன. இன்னிக்கு எப்படிலே மேல வந்துச்சு?"

"அது வேற ஆடு தாத்தா."

"நெத்தியில வெள்ளைப் புள்ளி வச்ச ஆடுன்னு புதன்கிழமையும் சொன்ன. இப்பவும் சொன்ன."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் முகம் சிறுத்துப்போனது. அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது, படத்தைப் பார்த்து வாயில் வந்ததைச் சொல்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புத்தகத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் கேட்டது எனக்கு மறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி. யார் எந்த நாளில் எந்த வார்த்தை சொன்னார்கள் என்பது உள்ளே அப்படியே இருக்கும்.

"அந்த ஆடு மெய்யாவே என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்லே" என்றேன். "நான் வாசிக்க மாட்டேன். நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

20-11-1984, செவ்வாய்

சங்கிலி ராமுத்தாயிடம் நான்கு எழுத்துக் கேட்டு வாங்கினான். மாற்று டீச்சர் வரவில்லை.

மத்தியானம் சத்துணவு அம்மா சோறு போட்டுவிட்டுப் போன பிறகு தவசிலிங்கம் வந்தார். தீப்பெட்டி ஆபீசுக்கு நம் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புகிற ஏஜெண்ட். ஆபீஸ் பஸ் விடியுமுன் வந்து, கட்டையில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிள்ளைகளை ஏற்றிப்போகும்.

"என்ன வெயில்முத்து அண்ணாச்சி, வாத்தியாராயிட்டீகளாம்ல?" என்றார்.

"கதவத் தொறந்து வச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"டீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்துல புள்ளைக என்ன செய்யுது? ஈ ஓட்டுதா? எனக்கு ஒரு ஆறு புள்ளை போதும். நீரு ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு வாரம் பூட்டிப் போடும். அதது ஆத்தா அப்பனே அனுப்பிரும்."

நான் பானையில் தண்ணீர் ஊற்றப் போனேன்.

"அந்தக் காலத்துல நீரு எனக்குச் செய்யாததா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதை எழுதாதே.

(எழுதிவிட்டேன். நடந்ததை எல்லாம் எழுதச் சொல்லித்தான் டீச்சர் சொன்னார். ரா.)

21-11-1984, புதன்

மழை. பானை இரண்டும் நிறைந்தன. வேறு ஒன்றும் இல்லை.

26-11-1984, திங்கள்

இப்போது காலையில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வரும்போதே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். பிச்சம்மாள் தன் பெயரை முடித்துவிட்டாள். அடுத்து அவள் வீட்டு ஆட்டின் பெயராம். ஓட்டு வருவதால் சுவரில் கட்சிக்காரர்கள் எழுதிப் போயிருக்கிறார்கள். அதைச் சங்கிலி எழுத்துக் கூட்டிப் பார்க்கிறான். புத்தகத்தை விடச் சுவர் எழுத்து பெரிதாக இருக்கிறது, வசதி என்றான். ஆட்டைப் பற்றிக் கேட்டேன். "பாதிக் கெணத்துல நிக்குது. அவசரப்படாதீக" என்றான்.

சொன்னதைச் செய்யாத பிள்ளையை நான் திட்டுவதில்லை. "வியாழக்கிழமை இப்படிச் சொன்ன, என்னாச்சு" என்று மட்டும் கேட்பேன். அதற்கே நெளிகிறார்கள். அடித்திருந்தால் மறந்திருப்பார்கள் போலிருக்கிறது.

சாயங்காலம் ராமுத்தாயின் அம்மா குருவம்மாள் பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தாள். நான் எழுந்து அவள் குடத்தை முதலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். எப்போதும் அப்படித்தான்.

(எங்கள் அம்மா இடது கையை முந்தானைக்குள் வைத்திருப்பார். சின்னப் பிள்ளையில் அடுப்பில் சுட்டுக்கொண்ட கை. அம்மா வந்தால் தாத்தா உள்ளே போய்விடுவார். அம்மாவும் தாத்தாவோடு பேசி நான் பார்த்ததில்லை. ரா.)

29-11-1984, வியாழன்

தவசிலிங்கம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஸ்கூல் இன்ஸ்பெக்டருக்கு எழுதிப் போட்டாச்சு. டீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்தை ரேகை வைக்கிற ஆளு நடத்துறான்னு. ரேகைன்னதும் ஞாபகம் வருது. பழைய காயிதம் ஒண்ணு எங்க ஆபீஸ்ல இருக்கு. அடியில இருக்கிறது யாரு ரேகை?"

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொன்னா கோர்ட்டு கேக்குமா? ஏழுன்னு சொன்னது உம்ம வாய். வச்சது உம்ம கட்டை விரல். போலீசு வந்தா ஒம்மளத்தான் தேடி வரும், என்னைய இல்ல."

போய்விட்டார். தண்ணீர் குடிக்கப் போனேன். டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். வயசாகிவிட்டது, கை வழுக்குகிறது.

30-11-1984, வெள்ளி

(தாத்தா வரவில்லை. கதவு திறக்கவில்லை. வீட்டில் போய்க் கேட்டதற்குக் காய்ச்சல் என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. சாவி கேட்டதற்குச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் என்ன செய்யப் போகிறோம் என்று சொன்னோம். கேட்கத் தாத்தா இல்லாததால் ஒருத்தரை ஒருத்தர் கேட்டோம். சிலேட்டு உள்ளே இருந்தது. குச்சியால் மண்ணில் எழுதினோம். பிச்சம்மாளின் அம்மா வந்து கதவைப் பார்த்தார். பிச்சம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார். நோட்டு என் பையில் இருந்ததால் இதை நானே எழுதினேன். ராமுத்தாய்.)

3-12-1984, திங்கள்

கதவைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று எழுது.

வாசலில் மண் முழுக்க எழுத்து. யாரும் மிதிக்கவில்லை. சுற்றி வந்து உள்ளே போனேன்.

பிள்ளைகள் இருபத்து இரண்டு. பிச்சம்மாள் சனிக்கிழமையிலிருந்து பஸ்ஸில் போகிறாளாம்.

5-12-1984, புதன்

டீக்கடை ரேடியோவில் போபால் என்ற ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கம்பெனியிலிருந்து விஷப்புகை வந்து, தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் எழுந்திருக்கவே இல்லையாம். முதலில் ஒரு எண் சொன்னார்கள். பிறகு வேறொரு எண் சொன்னார்கள். சரியான கணக்கு இன்னும் தெரியவில்லை என்றார்கள்.

டீ ஆறிவிட்டது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் எல்லோரிடமும் கேட்டு முடித்த பிறகு சங்கிலி கேட்டான்: "தாத்தா, இம்புட்டையும் எப்படி ஞாபகத்துல வச்சிருக்கீக? யாருகிட்டப் படிச்சீக?"

பிள்ளை நேராகக் கேட்டான். நானும் சொல்லிவிட்டேன். முன்னாலே எனக்கு வேறு வேலை. இந்தி வேண்டாம் என்று பையன்கள் ரயிலை மறித்த வருஷம் வரைக்கும் அந்த வேலை. தீப்பெட்டி ஆபீசுக்கு அப்போது பஸ் கிடையாது, லாரி. விடியுமுன் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எழுப்பி லாரியில் ஏற்ற வேண்டும். மற்ற ஊர்களில் எழுப்புகிறவன் கையில் பெயர் எழுதிய தாள் இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாததால் எல்லாப் பெயரும் மனதில். நான்தான் அந்த லாரிக்குத் தாள். ஒரு நாள் கூட ஒரு பிள்ளையை விட்டதில்லை.

"எத்தனை பேரு ஏத்துவீக?"

"கடைசி நாளு நம்ம ஊருல இருந்து பதினொண்ணு."

"ஏன் கடைசி நாளு?"

மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். இதை எழுதாதே தாயி. இதையாவது எழுதாதே.

(தாத்தா அழித்துவிட்டாயா என்று கேட்டார். அழித்துவிட்டேன் என்று சொன்னேன். பொய் சொன்னதையும் எழுதிவிட்டேன். ரா.)

7-12-1984, வெள்ளி

இன்று விடிந்த நேரத்தில் நடந்தது. நான் அங்கே இல்லை. மணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதைச் சொல்கிறேன்.

பஸ் வந்து நின்றதும் குருவம்மாள் அதன் முன்னால் போய் நின்றாளாம். தவசிலிங்கம் இறங்கி, "ஏம்மா, வழிய விடு" என்றாராம்.

"பிச்சம்மாள இறக்குங்க. விடுதேன்."

"அது ஆத்தாவே ஏத்தி விட்ருக்கா. ஒனக்கென்ன வந்துச்சு?"

குருவம்மாள் முந்தானையை விலக்கி இடது கையைப் பிச்சம்மாளின் அம்மாவுக்கு முன்னால் நீட்டினாளாம். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய கை.

"அக்கா, இத நல்லாப் பாத்துக்க. நான் அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு இவுக ஆபீஸ்ல எழுதி வச்சிருக்கு. எந்த அடுப்புன்னு இவருட்டக் கேளு. அது எங்கன இருக்குன்னு காட்டச் சொல்லு."

பிச்சம்மாளின் அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாளாம். பிறகு ஏறி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாளாம்.

ஒன்பது மணிக்குப் பிச்சம்மாள் வந்துவிட்டாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. ஆட்டின் பெயரை எழுதப் போவதாகச் சொன்னாள். பிள்ளைகள் இருபத்து மூன்று.

(தாத்தா அங்கேதான் இருந்தார். வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றார். மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரா.)

13-12-1984, வியாழன்

இன்ஸ்பெக்டர் வந்தார்.

ஓட்டுச்சாவடிக்கு இடம் பார்க்கவும், வந்த மனுவை விசாரிக்கவும் ஒரே ஜீப்பில் வந்திருந்தார். தவசிலிங்கம் வாசலில் வந்து நின்றுகொண்டார். வணக்கம் சொன்னேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு மறந்துபோன ஒரே விஷயம் அதுதான்.

"டீச்சர் எங்கே?" என்று கேட்டார்.

"நாசரேத்துல. பாப்பா பொறக்கப் போகுது" என்றான் சங்கிலி.

"அப்ப யார் சொல்லிக்கொடுக்கிறா?"

"யாருமில்ல சார். தாத்தா கேப்பாரு. நாங்க சொல்லணும். மாத்திச் சொன்னா மாட்டிக்கிருவோம்."

அவருக்குப் புரியவில்லை. வாசி என்றார். சங்கிலி ஆட்டுப் பாடத்தை எடுத்தான். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து, வியர்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தான். ஆடு சாகவும் இல்லை, சந்தைக்குப் போகவும் இல்லை. ஊரார் கூடைக்கூடையாக மண் கொட்டினார்கள். ஆடு ஒவ்வொரு கூடையையும் உதறி, அந்த மண்மேலேயே ஏறி ஏறி வெளியே வந்துவிட்டது. முடித்ததும் அவன் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

பிறகு அவர் இந்த நோட்டை எடுத்தார்.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது தெரியும். இவள் என்ன எழுதினாள் என்று தெரியாது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஓரிடத்தில் சிரித்தார். ஓரிடத்தில் நிறுத்தி வாசல் மண்ணைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் திருப்பவே இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். முட்டுவலி.

தலையை நிமிர்த்தி வாசலில் நின்ற தவசிலிங்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது என் வேலை இல்லை பெரியவரே. இருந்தாலும் கேட்கிறேன். அந்தக் கடைசி நாள் லாரியில எத்தனை பேர்?"

"ஏழு" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. பத்தொன்பது வருஷமாக அந்த வாய்க்கு வேறு எண் பழக்கமில்லை.

அவர் நோட்டில் ஏதோ எழுதிவிட்டு ஜீப்பில் ஏறினார். தவசிலிங்கமும் போய்விட்டார். அவர் எழுதியதை ராமுத்தாய் வாசித்தாள்: "ஆசிரியை மருத்துவ விடுப்பில் உள்ளார். பள்ளி நடைபெறுகிறது. பிள்ளைகள் படிக்கின்றனர். 17ஆம் தேதி திங்கள் முதல் மாற்று ஆசிரியர் வருவார். அதுவரை கதவைப் பூட்ட வேண்டாம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

14-12-1984, வெள்ளி

காலையில் வழக்கம்போல் கேட்க வாயெடுத்தேன். சங்கிலி எழுந்து நின்றான்.

"தாத்தா, நான் ஒண்ணு கேக்கணும். போன வாரம் புதன்கிழமை பதினொண்ணுன்னீக. நேத்து இன்ஸ்பெக்டர்ட்ட ஏழுன்னீக."

யாரும் சிரிக்கவில்லை.

"மாத்திச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் வச்சது நீங்கதான? மிச்சம் நாலு பேரு எங்க போனாக?"

வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. ராமுத்தாய் புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டுவிட்டு, டீச்சர் கேட்பதுபோல் கேட்டாள்: "இன்னிக்கு நீங்க என்ன செய்யப் போறீக தாத்தா?"

எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுது. அந்த ரேகைக்குப் போலீஸ் வரும் என்று பயம். இந்த ஊரில் அந்த வீடுகளைத் தாண்டி நடக்கப் பயம். உன் அம்மா குடத்தோடு வந்தால் பயம். எல்லாவற்றையும் எழுது.

பேர் சொல்லப் போகிறேன் என்றேன்.

சாயங்காலம் குருவம்மாள் தண்ணீருக்கு வந்தாள். நான் உள்ளே போகவில்லை. "இரு தாயி. கேட்டுட்டுப் போ. தப்பாச் சொன்னாத் திருத்து" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் பேசிய முதல் பேச்சு. அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

அன்றைக்கு தீக்குச்சிக்கு மருந்து முக்குகிற கொட்டகையில் தீப்பிடித்தது. கதவு ஒன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் அதற்குள்தான் இருந்தார்கள். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது தவசிலிங்கம், அப்போது சின்ன வயது, என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். பெரிய பிள்ளைகள் ஏழு பேரைத்தான் ஆபீஸ் கணக்கில் காட்ட முடியும். சின்னப் பிள்ளைகள் நான்கு பேர் அங்கே வரவே இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றிவிட்டவனைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்றார். ஊரில் வேறு தாள் கிடையாது. நான்தான் தாள். ஏழு என்று சொல்லி ரேகை வைத்தேன். அந்த நான்கு பேர் வீட்டிலும் போய் வாயைத் திறக்காதீர்கள் என்று சொன்னவனும் நான்தான். ஒரு வீட்டில் மட்டும் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எழுப்புகிற வரிசையிலேயே சொல்கிறேன். என் வீட்டிலிருந்துதான் தொடங்குவேன்.

ஒன்று, பூச்செண்டு. ஒன்பது வயது. என் மகள். காலம்போன காலத்தில் பிறந்தவள். எழுப்பினால் ஒரு சத்தத்தில் எழுந்துவிடுவாள். ஏழில் அவள் இல்லை.

இரண்டு, பக்கத்து வீட்டுச் சீனியம்மாள். மூன்று, தங்கப்பழம். நான்கு, அவள் அக்கா கருப்பாயி. ஐந்து, தெருமுனை வீட்டு வெள்ளைத்தாயி, எட்டு வயது. தூக்கித்தான் போக வேண்டும். அவளும் ஏழில் இல்லை. ஆறு, கிட்ணம்மாள். ஏழு, அய்யம்மாள். எட்டு, சோலை, பத்து வயது, இருமிக்கொண்டே வருவாள். அவளும் இல்லை. ஒன்பது, சுந்தரி. பத்து, மாடத்தி.

பத்துப் பேரும் அங்கேயே போய்விட்டார்கள்.

ராமுத்தாய், ஏன் நிறுத்திவிட்டாய்? எழுது. கடைசி வீடு, கிணற்றடி. பதினோரு வயது. அவளும் ஏழில் இல்லை. அன்றைக்கு வர மாட்டேன் என்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான்தான் விரலைப் பிரித்து எடுத்து லாரியில் ஏற்றினேன். இடது கை விரல்.

பதினொன்று, குருவம்மாள். இருக்கிறாள்.